சென்சார் மேல் போட்ட பழி

தென்கொரியாவில் ஜெச்சோன் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒர்க்ஷாப் வைத்திருந்த தால்சூ, அந்த வேனை முதல் தடவை பார்த்தபோது செய்தது தப்பில்லை. பிற்பாடு நூறு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து அவன் வந்து சேர்ந்த முடிவு இது. முதல் தடவை எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்திருப்பான். தப்பு இரண்டாவது தடவையில் நடந்தது.

டிசம்பர் முதல் வாரம். மலையிலிருந்து இறங்கிய காற்றில் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு மூன்று மணி வாக்கில், பள்ளிப்பிள்ளைகளை ஏற்றும், கேஸில் ஓடும் மஞ்சள் வேன் ஒன்று ஷட்டருக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் பொங்சுன், தால்சூவின் அண்ணி. அண்ணன் தால்ஹோ சிமெண்ட் லாரி ஓட்டியே நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அண்ணிக்கு வயது அறுபத்தொன்று. விடிவதற்கு முன்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைப்பாள். மத்தியானத்துக்கு மேல் மான்சிக் மாஸ்டரின் தேக்வாண்டோ பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். ஆறு வருஷமாக அந்த வேனை ஓட்டுகிறாள், ஒரு கீறல் விழவிட்டதில்லை.

எஞ்சின் லைட் எரிகிறது என்றாள். அதோடு, மத்தியானம் முதல் ஸ்டார்ட் போடும்போது முன்பக்கம் டக் டக்கென்று யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது என்றாள்.

தால்சூ காதைக் கொடுத்துக் கேட்டான். இரண்டு டிரிப் அடித்துவிட்டு வந்த எஞ்சின் நல்ல சூட்டில் இருந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஸ்கேனரைச் சொருகினான். எரிகிற கேஸ் போதவில்லை, காற்றுதான் அதிகம் என்று ஆக்சிஜன் சென்சார் புகார் செய்கிறது என்று காட்டியது. வேனுக்கு எட்டு வயது. அந்த வயதில் அந்த சென்சார் போவது சகஜம். புதுசு ஒன்று வரவழைத்து மாட்டினான். லைட் அணைந்தது. அண்ணி கூடவே கொண்டுவந்திருந்த அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை இரண்டுபேரும் நின்றபடியே தின்றார்கள். அவள் கிளம்பிப் போனாள்.

ஒன்பதாம் நாள் அவள் திரும்பி வந்தாள். லைட் மறுபடி எரிந்தது.

இந்தத் தடவை தால்சூ எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் சென்சாரின் அளவைப் பார்த்தான். ஏறி இறங்க வேண்டியது, இறங்கினபடியே கிடந்தது. பழைய சென்சார் என்ன சொன்னதோ அதையே புதுசும் சொன்னது. இருபத்தெட்டு வருஷம் கை கறுத்தவனுக்கு இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு சாட்சி பொய் சொல்லலாம். இரண்டு பேர் அட்சரம் பிசகாமல் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள். சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. எங்கிருந்தோ வெளிக்காற்று உள்ளே புகுந்து அதை ஏமாற்றுகிறது. அதை நம்பி எஞ்சின் கேஸை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வண்டி ஒரு ராத்திரி இங்கேயே நிற்க வேண்டும். காலையில் எஞ்சின் ஐஸாக இருக்கும்போது ஸ்டார்ட் போட்டுப் பார்க்க வேண்டும்.

மான்சிக்குக்குப் போன் போட்டான். இரண்டுபேரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். மான்சிக்கின் மூன்று வேன்களுக்கும் தால்சூதான் மெக்கானிக். அவன் சிபாரிசில் வந்த வாடிக்கைக்காரர்களையும் சேர்த்தால் ஒர்க்ஷாப்பில் பாதி வேலை அவன் கை வழியாக வந்ததுதான்.

"டேய், அடுத்த வாரம் பெல்ட் பரீட்சைடா," என்றான் மான்சிக். "நாப்பத்திமூணு பிள்ளைங்க. வண்டிய நிறுத்தினா நீ வந்து முதுகுல தூக்கிட்டுப் போறியா? லைட்டத்தான் அணைக்கச் சொல்றேன். மத்தத லீவுல பாத்துக்கலாம்."

"சென்சார் கோளாறு இல்லன்னு தோணுதுடா."

"தோணுதுன்னா? ஓடுதா இல்லையா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன. உங்க அண்ணிக்கு வாரம் ஒரு குறை சொல்லலேன்னா சோறு எறங்காது. நீயும் அதுக்குத் தாளம் போடாத."

தால்சூ லைட்டை அணைத்தான். பில்லில் 'சென்சார் சோதிக்கப்பட்டது, கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். எழுதினது பொய் இல்லை என்பதுதான் அதில் உள்ள கேவலம்.

பொங்சுன் கையுறையைப் போட்டுக்கொண்டே, கொஞ்ச நாளாகச் சாயந்திரமானால் தலை வலிக்கிறது, நெற்றியில் கயிறு கட்டி இறுக்கின மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். ஜன்னலைத் திறந்து வைத்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறது என்று தாய்மார்கள் சண்டைக்கு வருகிறார்களாம். வண்டியில்தான் ஏதோ இருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"உங்க வயசுல, இந்தக் குளிருல, தலைவலி வரத்தான் செய்யும் அண்ணி," என்றான் தால்சூ. "காலைல நாலு மணிக்கு எழுந்து படிக்கட்டு தேய்க்கிறத முதல்ல விடுங்க."

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அதற்கப்புறம் வேன் வரவில்லை. வருஷக் கடைசியில் பள்ளித் தோழர்கள் கூடிக் குடித்த இடத்தில் மான்சிக் ஒரு கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான். நெருப்புப்பெட்டி அளவுக்கு ஒரு சாமான் கடையில் கிடைக்கிறதாம். வண்டியில் சொருகிச் செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் லைட் அணைந்துவிடுகிறதாம். "இனிமே தால்சூ கடைய மூடிக்கலாம், நானே மெக்கானிக் ஆயிட்டேன்," என்றான். தால்சூவும் சேர்ந்து சிரித்தான். பன்றிக்கறியைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே, அந்த லைட் எத்தனை தடவை எரிந்திருக்கும் என்று ஒரு கணம் யோசித்தான். யாரோ கோப்பையை நீட்டினார்கள். யோசனை அத்தோடு போயிற்று.

ஜனவரி பதினேழாம் தேதி சாயந்திரம் ஐந்தரை மணிக்கு, உய்ரிம் ஏரிக்கரைச் சாலையில் அந்த வேன் மெல்ல மெல்ல ஓரம் கட்டுவது போல விலகிப்போய், கம்பித் தடுப்பை உரசிக்கொண்டே இருபதடி ஓடி, ஒரு பைன் மரத்தில் மோதி நின்றது. உள்ளே ஏழு பிள்ளைகள். தாஹே என்கிற ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் காறை எலும்பு முறிந்தது. மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பயத்தில் எடுத்ததாக டாக்டர் சொன்னார். பொங்சுனுக்கு நெற்றியில் எட்டுத் தையல். எப்படி நடந்தது என்று கேட்டால் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. போலீஸ் ஊதச் சொன்னது, சாராய வாடையே இல்லை. பின்னால் வந்த கார்க்காரன் சாட்சி சொன்னான்: பிரேக் விளக்கு எரியவே இல்லை, ஓட்டுகிறவர் தூங்கியிருக்க வேண்டும்.

பிறகென்ன, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தாய்மார்களின் செல்போன் குழுவில் அன்று ராத்திரிக்குள் பொங்சுனின் ஜாதகமே வெளியாகிவிட்டது. விடியற்காலை வேலை வேறு பார்க்கிறாளாம், கிழவியாம், சம்பளம் குறைவென்று இவளை வைத்திருந்தார்களாம். பிள்ளைகளோடு ஒரு பெரியவர் கூட வரவேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு ஏன் ஆள் இல்லை என்று ஒரே ஒரு தாய் கேட்டாள். அந்தக் கேள்வி வசவுகளுக்கு நடுவில் காணாமல் போனது.

அடிபட்ட வேனை இழுத்துவந்து தால்சூவின் ஒர்க்ஷாப்பில்தான் விட்டார்கள். இடது முகப்பு நசுங்கியிருந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி முழுக்க மைனஸ் பதினாறில் நின்ற வண்டியை மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் ஸ்டார்ட் போட்டான்.

டக் டக் டக் டக்.

அண்ணி சொன்ன அதே சத்தம், அதே இடத்தில். அவன் பானட்டுக்குள் தலையை விட்டான். எஞ்சினோடு ஒட்டிப் புகையை வாங்கிச் சைலன்சருக்குக் கடத்துகிற இரும்புக் குழாய், மேனிபோல்டு என்பார்கள், அதன் அடிவளைவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். விரிசலின் உதடுகள் கரி பிடித்துக் கறுத்துக் கிடந்தன. நேற்று மோதி உண்டான விரிசல் என்றால் இரும்பு பளிச்சென்று இருக்கும். இது மாசக்கணக்கில் புகை கக்கிய வாய். தொடக்கத்தில் சூடேறினால் முக்கால்வாசி மூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் அவன் காதில் விழவில்லை. இப்போது சூட்டிலும் மூட முடியாத அளவுக்கு அகன்றிருந்தது. புகை மேலே ஏறிப்போகிற இடத்தைப் பார்த்தான். பானட்டின் பின்விளிம்பு ரப்பர் கிழிந்திருந்தது. அதற்கு நேர் பின்னால்தான் ஹீட்டர் காற்றை உறிஞ்சும் துவாரம்.

அவன் ஏரியில் ஐஸைத் துளைபோட்டு மீன்பிடிக்கப் போகிறவன். கூடாரத்துக்குள் அடுப்பு வைத்துத் தூங்கிச் செத்தவர்கள் கதை எல்லோருக்கும் தெரியுமாதலால் விஷவாயு அலாரம் ஒன்று வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து வேனின் கடைசி சீட்டில் வைத்து, ஹீட்டரைப் போட்டு, எல்லா ஜன்னல்களையும் ஏற்றிவிட்டு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினோராவது நிமிஷம் அலாரம் கத்தியது. அண்ணியின் ஒரு டிரிப் நாற்பது நிமிஷம்.

மான்சிக் வந்து சேர்ந்தபோது அலாரத்தை மறுபடி ஒருமுறை கத்தவைத்துக் காட்டினான் தால்சூ. மான்சிக் குனிந்து விரிசலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் பயம்கூட இல்லை. கணக்குப் போடுகிறவன் முகமாக இருந்தது.

"யாருக்குச் சொன்னே?"

"உனக்குத்தான் முதல்ல."

"மத்தியானம் இன்சூரன்ஸ் ஆள் வர்றான். என்ன சொல்லப் போறே?"

"உள்ளதச் சொல்லணும்டா. அண்ணி தூங்கல. விஷக்காத்து அடிச்சிருக்கு. பிள்ளைங்க வாந்தி எடுத்ததும் அதாலதான்."

"சரி, சொல்லு," என்றான் மான்சிக். "அப்புறம் அவன் கேப்பான், இதுக்கு முன்னால யாரு பாத்தாங்கன்னு. நான் உன் பில்லக் காட்டுவேன். கோளாறு இல்லன்னு யாருடா கையெழுத்துப் போட்டது? நானா? நான் தேக்வாண்டோ கத்துக்குடுக்கிறவன், எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?"

தால்சூ அலாரத்தை அணைத்தான்.

"யோசிச்சுப் பாரு. உன் கடையும் போகும், என் பள்ளியும் போகும். பிள்ளைங்க நல்லாருக்கு. உங்க அண்ணிக்கு என்ன செய்யணுமோ நான் செய்யறேன், ஆஸ்பத்திரி, வக்கீல், எல்லாம். அவங்க எப்படியும் இனி வேன் ஓட்டப் போறதில்ல. தூங்கினாங்கன்னா மன்னிப்பு உண்டு. வயசான பொம்பளை, பாவம்னு விட்டுருவாங்க."

இன்சூரன்ஸ்காரன் இரண்டு மணிக்கு வந்தான். அவனுக்கு ஏழு இடம் போகவேண்டியிருந்தது, கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிரேக் எப்படி என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றான் தால்சூ. ஸ்டியரிங்? அதுவும். டயர்? புதுசு. அவ்வளவுதான் கேட்டான். கேட்டதற்குத் தால்சூ பதில் சொன்னான். கேட்காததைச் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஒருவர் மறுநாள் வந்து அதே மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த வாரமே அவன் புது மேனிபோல்டு மாட்டினான், ரப்பரை மாற்றினான், முகப்பைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தான். விரிசல் விட்ட குழாய் மற்ற இரும்போடு பழைய சாமான்காரனின் லாரியில் ஏறிப் போனது.

பொங்சுன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவள், ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு அவளே தால்சூவுக்குப் போன் செய்தாள். ஏழு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும், லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், கொஞ்சம் காரில் கூட்டிப்போக முடியுமா தம்பி என்றாள். முடியாது என்று சொல்ல அவனுக்கு என்ன காரணம் இருந்தது?

அவள் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். காரின் பின்சீட்டில் ஏழு ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கினாள். நெற்றித் தழும்பு சிவந்திருந்தது. அதை மறைக்க அவள் முடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

முதல் வீடு தாஹேயினுடையது. தகப்பன் கதவைத் திறந்தான். செருப்பு கழற்றும் இடத்தில், செருப்புகளுக்கு நடுவிலேயே பொங்சுன் மண்டியிட்டு, தரையில் தலை படக் குனிந்தாள். 'தூங்கிட்டேன். நான் மனுஷியே இல்ல' என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்ற தால்சூவுக்குக் காது அடைத்தது. தாஹேயின் தகப்பன் நல்ல மனுஷன். எழுந்திருங்கள், எழுந்திருங்கள் என்று சொல்லி, அவள் எழாததால் தானும் எதிரில் உட்கார்ந்துவிட்டான். கோபப்பட்டிருந்தால் தால்சூவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாவது வீட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் ஒருவரும் இல்லை. நான்காவது வீட்டில் ஆள் இருந்தும் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில், அவள் முழங்காலிட்டுக் குனிந்துவிட்டு வந்தாள். ஐந்தாவது வீட்டுத் தாய் பத்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினாள். உனக்குப் பேரப்பிள்ளை இருந்தால் தெரிந்திருக்கும் என்றும் சொன்னாள். பொங்சுனுக்குப் பிள்ளையே கிடையாது. அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இதற்கிடையில் எத்தனையோ தடவை தால்சூ வாயைத் திறந்தான். ஒவ்வொரு தடவையும் அடுத்த வீடு முடியட்டும் என்று நினைத்தான்.

ஆறாவது வீட்டில் சேரோம் என்கிற சின்னப் பெண் தாயின் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். எட்டு வயதிருக்கும். பொங்சுன் மண்டியிட்டதும் குழந்தை முன்னால் வந்து அவள் தோளைத் தொட்டது.

"டிரைவர் பாட்டி, அழாதீங்க. நானுந்தான் தூங்கினேன்."

தாய் குழந்தையைப் பின்னால் இழுத்தாள். குழந்தை விடவில்லை.

"எல்லாரும்தான் தூங்கினோம். தாஹே அக்காகூடத் தூங்கினாங்க. நான் எழுப்பினேன், எந்திரிக்கல. அப்புறம் எனக்கும் தலை சுத்திச்சு."

பொங்சுன் எழுந்தாள். குழந்தையின் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தாள். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். தால்சூ சாவியைத் திருப்பப் போனான்.

"இரு," என்றாள். "அந்தப் பிள்ளை சொன்னதக் கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி."

"சாயந்திரம் அஞ்சரை மணிக்கு ஏழு பிள்ளைங்களும் தூங்குமா? ஒண்ணோட பெல்ட்ட ஒண்ணு பிடிச்சு இழுத்து, கூரை பிஞ்சு போற மாதிரி கத்துற பிள்ளைங்க." அவன் பக்கம் திரும்பினாள். "வண்டியில என்ன இருந்திச்சு தம்பி?"

அவன் சொன்னான். விரிசல், கரி, ரப்பர், பதினோராவது நிமிஷம், எல்லாம். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. இவ்வளவு சின்னதாக இருந்ததா அது என்று அவனுக்கே இருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"விபத்துக்கு மறுநாள் காலைல."

"அதுக்கு முன்னாடி?"

"ரெண்டாவது தடவ நீங்க வந்தப்ப, சென்சார் மேல தப்பில்லன்னு தெரிஞ்சுது. வேற என்னன்னு தேடல."

"நான் சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். தலை வலிக்குதுன்னு சொன்னேன். வயசாச்சுன்னே." அவள் குரல் உயரவில்லை. "டாக்டரு சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். வண்டி விஷயம் உனக்குத் தெரியும்னு, நீ சொன்னத நம்பினேன். மூணு வாரமா, எப்படித் தூங்கினேன், எந்த வளைவுல கண்ண மூடினேன்னு யோசிச்சு யோசிச்சு, ஒரு ராத்திரிகூட எனக்குத் தூக்கம் கிடையாது."

"அண்ணி..."

"அந்தக் குழாய் எங்க?"

"பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான்."

"அவனாக் கொண்டுபோனானா, நீ குடுத்தியா?"

"நான்தான் குடுத்தேன்."

தெருவில் ஒருவன் மண்வாரியால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு அவள் கேட்டது தால்சூ எதிர்பார்த்தது இல்லை.

"மத்த ரெண்டு வேனையும் பாத்தியா?"

அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதே கம்பெனி, அதே வருஷம், தினமும் முப்பது பிள்ளைகள் ஏறுகிற வண்டிகள். "இல்ல அண்ணி," என்றான்.

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். பின்கதவைத் திறந்து கடைசிப் பெட்டியை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "ஏழாவது வீட்டுக்கு நானே போய்க்கிறேன்," என்றாள். "நீங்க கிளம்புங்க, முதலாளி."

முப்பது வருஷமாக அவனை அவள் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

தால்சூ நேராக ஒர்க்ஷாப்புக்குப் போய் அலாரத்தை எடுத்துக்கொண்டு தேக்வாண்டோ பள்ளிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை, வேன்கள் பின்பக்கம் நின்றன. மாற்றுச் சாவிகள் அவனிடம்தான் இருந்தன. இரண்டையும் ஸ்டார்ட் போட்டு, ஜன்னலை ஏற்றி, அலாரத்தை உள்ளே வைத்துப் பார்த்தான். இரண்டிலும் ஒன்றுமில்லை. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. மூன்று வாரமாக அந்த முக்கால் மணி நேரம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

ஏழாவது வீட்டில் என்ன நடந்தது என்பது அன்று சாயந்திரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பொங்சுன் அங்கேயும் மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். எழுந்து போகும்போது, வேன்களைச் சோதித்துப் பார்க்கும்வரை பிள்ளையை அதில் ஏற்றாதீர்கள், உள்ளே விஷக்காற்று வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தாய் அதை அப்படியே குழுவில் எழுதிவிட்டாள். தூங்கி விழுந்துவிட்டு வண்டிமேல் பழி போடுகிறாள், வேலை போன வயிற்றெரிச்சல், ஆரஞ்சைக் குப்பையில் போடுங்கள் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி எழுதினார்கள். மான்சிக்கும் எழுதினான். அந்த அம்மாளை மன்னித்துவிடுங்கள், பாவம், தலையில் அடிபட்டவர் என்று ரொம்பப் பெருந்தன்மையாக எழுதியிருந்தான்.

திங்கட்கிழமை காலை தால்சூ போலீஸ் ஸ்டேஷனுக்கு ஸ்கேனரோடு போனான். குழாய் இல்லை. வண்டி ரிப்பேராகிவிட்டது. அன்றைக்கு யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஸ்கேனர் மட்டும் எல்லாவற்றையும் தேதிபோட்டுப் பதிந்து வைத்திருந்தது. இரண்டு சென்சாரும் சொன்ன ஒரே வாக்குமூலம் அதில் இருந்தது. மான்சிக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் பில்லைக் காட்டினான். தனக்கு எதுவுமே தெரியாது என்றான். லைட் அணைக்கிற சாமானா, அப்படி ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றான். கூடக் குடித்தவர்களில் ஒருவனுக்கும் அந்தப் பேச்சு ஞாபகமில்லை. சேரோமின் தாய் குழந்தையைச் சாட்சிக்குக் கூட்டிவர மறுத்தாள். கடைசியில் குழந்தை சொன்னதைக் காகிதத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

ஏப்ரலில் முடிவு வந்தது. பொங்சுன் தூங்கினாள் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்று வழக்கைக் கைவிட்டார்கள். அவள் தூங்கவில்லை என்று யாரும் எழுதித் தரவில்லை. பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளை ஏற்றியதற்கு மான்சிக்குக்கு அபராதம். ஒரு மாசம் பள்ளியை மூடிவிட்டு மனைவி பேரில் திறந்தான். பிள்ளைகள் பாதிக்குமேல் திரும்பி வந்தார்கள். தால்சூவின் ஒர்க்ஷாப்பை நாற்பது நாள் மூடச் சொன்னார்கள். திறந்தபின் கூட்டம் இல்லை. மறைத்தான் என்று கொஞ்சம் பேரும், போட்டுக்கொடுத்தான் என்று கொஞ்சம் பேரும் வராமலிருந்தார்கள்.

அந்த மாசக் கடைசியில் அண்ணனின் திதி. வருஷா வருஷம் அண்ணி நான்கு நாள் முன்னாலேயே போன் செய்து, பேரிக்காய் பெரிதாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லுவாள். இந்த வருஷம் போன் வரவில்லை. தால்சூ தானாகவே பழம் வாங்கிக்கொண்டு, அந்திசாயும் நேரத்தில் அவள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறினான். எண்ணெயில் மீன் பொரிகிற வாசனை படிக்கட்டு வரை வந்தது.

கதவைத் திறந்தவள் அவனைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள். படையல் மேஜையில் எல்லாம் முறைப்படி இருந்தது. அவள் ஒருத்தியாகச் செய்திருந்தாள். தால்சூ வழக்கப்படி சாராயத்தை ஊற்றி அண்ணன் படத்துக்கு முன்னால் இரண்டு தடவை விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது அவள் சமையலறை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"லைசென்ஸ் வந்துருச்சாமே அண்ணி."

"வந்துச்சு."

"ஸ்டேஷன் பக்கத்து நர்சரிப் பள்ளியில வேனுக்கு ஆள் கேக்கிறாங்க. நான் வேணா ஒரு வார்த்தை..."

"வேண்டாம்." அவள் திரும்பாமலே சொன்னாள். "போன வாரம் பக்கத்து வீட்டுக்காரி கார்ல உட்கார்ந்து பாத்தேன். சாவியத் திருப்பினவ உடனே அணைச்சுட்டேன். தூங்கிருவேனோன்னு பயம். இல்லன்னு எனக்கே தெரியும், தெரிஞ்சும் கை கேக்கல. இப்ப ராத்திரிப் படிக்கட்டும் நானே துடைக்கிறேன். அது போதும்."

அவன் நின்றான். படைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. திதிக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அவள் சாப்பிடச் சொல்வாள் என்று இரண்டு நிமிஷம் நின்று பார்த்தான். அவள் அடுப்பை அணைத்தாள். வாணலியை நகர்த்தி வைத்தாள். துணியால் மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அப்ப வர்றேன் அண்ணி."

"சரிங்க," என்றாள்.

வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினான். இடது காலை மாட்டி, வெளியே வைத்து, வலது ஷூவைக் கையில் எடுத்தபோது பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுகிற சத்தமும் கேட்டது. வராந்தாவில் ஒற்றைக்காலில் நின்று மிச்ச ஷூவை மாட்டிக்கொண்டு, துடைத்த ஈரம் காயாத படிகளில் பார்த்துப் பார்த்து இறங்கினான்.